வெற்றிடக் குப்பியைக் குத்தாமல் சோதித்தல்: ஒரு பொறிப்பெட்டியும் ஒரு தராசும்

உறைஉலர்த்திய, அதாவது உறையவைத்து வெற்றிடத்தில் நீரை அகற்றி உலர்த்திய, மருந்துக் குப்பிக்குள் ஊசி இறங்கியதும் சிரிஞ்சில் உள்ள நீர் தானாக உள்ளே இழுபடுவதைத் தாதியர் தினமும் பார்க்கிறார்கள். வெற்றிடத்தில் மூடிய குப்பி என்றால், மூடி கசியவில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. ஆனால் அந்தச் சாட்சி, குப்பியைத் திறந்த பிறகுதான் கிடைக்கிறது. றப்பரைத் துளைக்காமல், உள்ளே இருப்பதைத் தொடாமல், வெளியில் நின்றே வெற்றிடத்தை அறிய வேண்டும். மலிவாக, கொழும்பில் கிடைக்கும் பொருட்களை வைத்து அதை எவ்வளவு தூரம் செய்ய முடியும் என்று பார்த்த வேலையின் பதிவு இது.

நான் ஆய்வுகூடக் கருவிகள் திருத்துபவன். வேலைக்கூடம் வெள்ளவத்தையில், கடற்கரைப் புகையிரதப் பாதைக்கு அருகில். பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றில் கற்பிக்கும் நண்பர், மாணவர் செயற்றிட்டத்துக்காகச் சிறிய உறைஉலர்த்தி ஒன்றில் மனிட்டோல் என்ற இனிப்புப் பொருளின் கரைசலை உலர்த்தி வெற்றிடத்திலேயே மூடிய குப்பிகளைத் தந்தார். 10 மில்லிலீட்டர் குப்பிகள்; 24 மில்லிமீட்டர் விட்டம்; 20 மில்லிமீட்டர் புரோமோபியூட்டைல் றப்பர் மூடி; மேலே அலுமினிய வளையம். உள்ளே மருந்து எதுவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே வரும் பொறிச் சோதனையை நோயாளிக்குப் போகும் குப்பியில் யாரும் செய்துபார்க்கக் கூடாது. உயர் மின்னழுத்தப் பொறி குப்பிக்குள் ஒட்சிசன் இருந்தால் ஓசோனை உண்டாக்கும். அது மருந்தை என்ன செய்யும் என்பதை ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியாக நிரூபிக்க வேண்டும்.

உறைஉலர்த்திய குப்பிகள் எல்லாமே வெற்றிடத்தில் மூடப்படுவன அல்ல. பலவற்றில் நைதரசனை நிரப்பி, வளிமண்டல அழுத்தத்துக்குச் சற்றுக் கீழே மூடுகிறார்கள். அவற்றுக்குப் பொறி, தராசு என்ற இந்த இரு முறைகளும் உதவா. பெரிய தொழிற்சாலைகள் அதற்கு லேசர் வைத்திருக்கின்றன. குப்பியின் அடியில் உலர்ந்து கிடக்கும் கட்டிக்கு மேலே உள்ள வெற்று இடத்தின் ஊடாகக் கதிரைச் செலுத்தி, 760 நானோமீட்டரில் ஒட்சிசன் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று பார்க்கிறார்கள். 1400 நானோமீட்டருக்கு அருகே நீராவியின் உறிஞ்சல் கோடு எவ்வளவு அகலமாக இருக்கிறது என்பதிலிருந்து மொத்த அழுத்தத்தையும் கணிக்கிறார்கள். அழுத்தம் குறையக் குறைய அந்தக் கோடு மெலிந்துபோகும். அழகான முறை; ஆனால் அதன் விலை நமக்கு எட்டாது.

நமக்கு எட்டுவது பழைய முறை. அழுத்தம் குறைந்த வாயுவில் மின்னிறக்கம் எளிதாக நிகழும், அப்போது வாயு ஒளிரும். 1889 இல் ஜெர்மன் இயற்பியலாளர் பாஷென் வெளியிட்ட விதி இதன் அடிப்படை. வாயு அழுத்தத்தையும் மின்வாய்களுக்கு இடையிலான தூரத்தையும் பெருக்கி வரும் எண்தான் முறிவு மின்னழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. வளிமண்டல அழுத்தத்தில் ஒரு சென்டிமீட்டர் காற்றைப் பிளக்க ஏறத்தாழ 30 கிலோவோல்ட் வேண்டும். அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனால் இந்தத் தேவை 327 வோல்ட் வரை இறங்கி, பிறகு மறுபடி ஏறும். ஆகவே வெற்றிடம் உள்ள குப்பி சில கிலோவோல்ட்டிலேயே ஊதா கலந்த இளஞ்சிவப்பாக ஒளிரும். காற்று நிரம்பிய குப்பி அதே மின்னழுத்தத்தில் இருட்டாகவே இருக்கும்.

கையில் பிடிக்கும் பொறிச் சுருள்களைக் கண்ணாடி வெற்றிடக் குழாய் வேலை செய்பவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். அவற்றின் குறை, அளவுக்கு மீறிய மின்னழுத்தம். ஒரே இடத்தில் சற்று அதிக நேரம் வைத்தால் மெல்லிய கண்ணாடியில் ஊசித்துளை விழுந்துவிடும். கசிவைத் தேடும் கருவியே கசிவை உண்டாக்குவதை ஏற்க முடியாது. அதனால் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய பெட்டி ஒன்றை நானே செய்வது என்று முடிவெடுத்தேன்.

உயர் மின்னழுத்தத்துக்குப் பழைய கார் இக்னிஷன் கொயில் போதும். அதற்கு, கொழும்பில் வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தைதான் இடம். கடைக்காரர் வழக்கம்போல, "எந்த வாகனத்துக்கு, தம்பி?" என்று கேட்டார். "வாகனத்துக்கு இல்லை, நானா. மருந்துக் குப்பியில் காற்றுப் புகுந்திருக்கிறதா என்று பார்க்க" என்றேன். சிறிது யோசித்துவிட்டு, புதிய வகைக் கொயில்களை ஒதுக்கிவிட்டு, எண்ணெய் நிரப்பிய பழைய உருளை வடிவக் கொயில் ஒன்றை உள்ளேயிருந்து எடுத்து வந்தார். "இதற்கு உள்ளே எலக்ட்ரொனிக் எதுவும் இல்லை. நீங்கள் சொல்கிறபடி கேட்கும்" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. முதன்மைச் சுருளின் மின்தடை 3 ஓம். நேரத் துடிப்புகளைத் தரும் 555 டைமர் சில்லு ஒன்றும், மின் ஆளியாக வேலை செய்யும் பவர் மொஸ்பெட் ஒன்றும் அதை விநாடிக்கு நூறு தடவை அளவில் இணைத்துத் துண்டிக்கின்றன. இணைப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதை ஒரு திருகியால், அதாவது திருகும் குமிழால், மாற்றினால் சுருளில் சேரும் சக்தி மாறும். அதோடு வெளிவரும் மின்னழுத்தமும் மாறும். இந்த ஒரு திருகிதான் முழுக் கருவியின் உயிர். மொஸ்பெட்டுக்குக் குறுக்காக ஒரு கொண்டென்சர் இருந்தாக வேண்டும். துண்டிக்கும் கணத்தில் எழும் மின்னழுத்த எழுச்சியை மட்டுப்படுத்தும், பழைய கார்களில் இருந்த அதே வேலையைத்தான் அது இங்கேயும் செய்கிறது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மற்ற எல்லாம் கிடைத்தன.

பெட்டி தகரத்தால் ஆனது, உள்ளே கறுப்பு வர்ணம், நிலத்தொடுப்பு கட்டாயம். மூடியைத் திறந்த கணமே மின்சாரம் நிற்கும்படி ஒரு ஆளி. இந்தக் கொயிலின் ஒரு பொறி வலியோடு முடிந்துவிடக்கூடியது அல்ல. இதயத்துடிப்புக் கருவி பொருத்தியவர்கள் அறைக்குள்ளேயே இருக்கக் கூடாது என்று வாசலில் எழுதி ஒட்டினேன்.

குப்பியைப் படுக்கவைக்க அக்ரிலிக் தாங்கி. குப்பியின் நடு உடலில், கட்டிக்கு மேலே, ஒரு பக்கம் ஒரு சென்டிமீட்டர் செப்புத்தகடு உயர் மின்னழுத்தத்துக்கு. எதிர்ப்பக்கம் அதே அளவு தகடு நிலத்துக்கு. இவற்றைக் கழுத்துப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. மின்னழுத்தம் கூடினால் பொறி குப்பிக்குள் போகாமல் வெளியாலேயே அலுமினிய வளையத்துக்குத் தாவிவிடும். தாழ்ந்த மின்னழுத்தத்தில் வேலை செய்வதற்கு இது இன்னொரு காரணம்.

ஒளியை அளக்க முதலில் ஒரு ஒளியுணர் டயோடு வைத்தேன். பொறியின் மின்காந்த இரைச்சல் அதன் சிறிய சமிக்ஞையை முற்றாக விழுங்கியது. பக்கத்தில் இருந்த மைக்ரோகொன்ட்ரோலர் ஒவ்வொரு பொறிக்கும் மறுதொடக்கம் செய்தது. கவசம் கட்டி அதைச் சரிப்படுத்தலாம். ஆனால் பெட்டிக்கு வெளியே ஒரு கைபேசிக் கமெரா போதும் என்றானபோது அந்த வழியை விட்டுவிட்டேன். பெட்டியில் வெட்டிய சாளரத்தில், பழைய மைக்ரோவேவ் அடுப்புக் கதவின் துளைத்தகட்டைப் பொருத்தி நிலத்துடன் இணைத்தேன். ஒளி வெளியே வருகிறது. இரைச்சல் உள்ளேயே நிற்கிறது. கமெராவில் ஒளிபடு நேரத்தையும் உணர்திறனையும் கையால் நிலைநிறுத்தினால்தான் ஒரு படத்தை இன்னொன்றோடு ஒப்பிட முடியும். தானியங்கி முறையில் இருட்டுக் குப்பியையும் அது வெளிச்சமாக்கிக் காட்டும்.

அளவுகோல் இல்லாமல் ஒளி என்பது வெறும் அபிப்பிராயம். அதே வகைக் குப்பி ஒன்றின் மூடி வழியாக ஊசியைச் செலுத்தி, குளிர்சாதனம் திருத்துபவர்கள் பயன்படுத்தும் இரட்டைநிலை வெற்றிடப் பம்புடனும் மிகக் குறைந்த அழுத்தத்தை அளக்கும் அவர்களுடைய மைக்ரோன் மானியுடனும் இணைத்தேன். அழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டே படம் எடுத்தேன். (வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ ஆயிரம் மில்லிபார்.) ஒரு மில்லிபாருக்கு அருகில் குப்பி முழுவதும் மென்மையான ஒளி பரவி நிற்கிறது. பத்து மில்லிபாரில் ஒளி ஒடுங்கி, மின்வாய்களுக்கு இடையே நெளியும் இழைகளாகிறது. திருகியில் ஒரு நிலையை, ஏறத்தாழ இருபது மில்லிபாருக்கு மேல் ஒளி அற்றுப்போகும்படி குறித்துக்கொண்டேன். இதைத் தாழ்நிலை என்கிறேன். இன்னொரு நிலையை, ஐம்பது மில்லிபாரிலும் இழைகள் தெரியும்படி, ஆனால் சாதாரண காற்று நிரம்பிய குப்பியில் ஒருபோதும் ஒளி வராதபடி குறித்தேன். அது மேல்நிலை. இந்த அளவுகள் இந்தக் குப்பிக்கும் இந்தத் தகட்டு அமைப்புக்கும் மட்டுமே உரியவை. வேறு விட்டமுள்ள குப்பிக்கு எல்லாவற்றையும் புதிதாகக் குறிக்க வேண்டும்.

கசிவுக்கு, நானே கசிய வைத்த குப்பிகள் தேவைப்பட்டன. பழைய ரிலேயின் சுருளில் இருந்து எடுத்த 0.05 மில்லிமீட்டர் செப்புக் கம்பியை, நண்பர் மூடிகளை வைக்கும்போது சில குப்பிகளின் வாயில் குறுக்கே போட்டார். றப்பர் கம்பியைச் சுற்றி முழுதாகப் படிவதில்லை. கம்பியின் இருபுறமும் நுண்ணிய வழி மிஞ்சுகிறது. வேறு சில குப்பிகளின் மூடியை மெல்லிய ஊசியால் குத்தி எடுத்தோம். அவை கசியவே இல்லை. புரோமோபியூட்டைல் தன் காயத்தைத் தானே அழுத்தி மூடிக்கொள்கிறது. குத்திய துளையைக் கசிவு மாதிரியாக வைக்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது கணக்கில் கிடைக்கும். வெற்றிடத்தை நோக்கி நுண்துளை வழியே பாயும் காற்று ஒலியின் வேகத்தை எட்டி அங்கேயே நிற்கும். எனவே உள்ளே வரும் அளவு துளையின் பரப்பைப் பொறுத்ததே. 5 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள துளை விநாடிக்கு ஏறத்தாழ 0.004 மில்லிலீட்டர் காற்றை உள்ளே விடும். எங்கள் குப்பியின் வெற்று இடம் 12 மில்லிலீட்டர். ஒரு மணி நேர அளவில் நிரம்பிவிடும். ஒரு மைக்ரோமீட்டர் துளைக்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஒளி மறைவதற்கு முழுதும் நிரம்ப வேண்டியதில்லை, நூறில் இரண்டு மூன்று பங்கு போதும். இருந்தாலும் மூடிய உடனே பார்த்தால் நுண்ணிய கசிவுள்ள குப்பியும் நல்ல குப்பியைப் போலவே அழகாக ஒளிரும். ஐரோப்பிய ஒன்றியத்தின் நல்ல உற்பத்தி நடைமுறை வழிகாட்டியில், கிருமியற்ற மருந்துகளுக்கான முதலாம் இணைப்பு இதை ஒரு வரியில் சொல்கிறது. வெற்றிடத்தில் மூடிய கொள்கலன்களை, முன்கூட்டியே தீர்மானித்த உரிய காலம் கழித்து, வெற்றிடம் நிலைத்திருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். என் பார்வையில் அந்தக் காலம்தான் சோதனை. கருவி அதைப் படிக்கும் கண்ணாடி மட்டுமே.

இனித்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சில வாரங்கள் கழித்து, கம்பி போடாத, குத்தாத குப்பிகளிலும் சிலவற்றில் தாழ்நிலை ஒளி மறைந்திருந்தது. கசிவு என்று எழுதி ஒதுக்கியிருக்கலாம். ஆனால் அவை எல்லாம் ஒரே தொகுதி மூடிகளைக் கொண்டவை. நண்பர் மூடிகளை இரண்டாகப் பிரித்திருந்தார். ஒரு பகுதியை நீராவியில் கிருமியழித்த பிறகு 105 பாகை அடுப்பில் இரவு முழுவதும் உலர்த்தினார். மற்றதை நீர் வடிய மட்டும் விட்டார். றப்பர் நீரைத் தன்னுள் தேக்கி வைத்து, பிறகு மெதுவாக வெளியிடும். வெற்றிடக் குப்பிக்குள் அது ஆவியாக நிற்கும். 30 பாகை வெப்பத்தில் நீரின் நிரம்பல் ஆவியழுத்தம் 42 மில்லிபார். கட்டி அதில் ஒரு பகுதியை உறிஞ்சினாலும், வெளியில் இருந்து ஒரு துளிக் காற்றும் வராமலே அழுத்தம் இருபது மில்லிபாரைத் தாண்ட இடம் இருக்கிறது.

காற்றா நீராவியா என்று ஒளி சொல்லாது. தராசு சொல்லும்.

கொழும்பின் வெப்பத்தில் ஒரு மில்லிலீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.15 மில்லிகிராம். வெற்றிடக் குப்பி முழுதாகக் காற்றை உள்வாங்கினால் 14 மில்லிகிராம் எடை கூடும். 0.1 மில்லிகிராம் வரை காட்டும் பகுப்பாய்வுத் தராசுக்கு இது பெரிய எண். நூறில் ஐந்து பங்கு காற்றுப் புகுந்தாலே 0.7 மில்லிகிராம். மூடியில் இருந்து கட்டிக்கு இடம்மாறிய நீரோ மொத்த எடையைச் சிறிதும் மாற்றாது. அது முன்பும் குப்பிக்குள்தான் இருந்தது, இப்போதும் அங்கேதான் இருக்கிறது. ஒளி இழந்த அந்தக் குப்பிகளை முதல் எடையுடன் ஒப்பிட்டோம். எடை அசையவில்லை. கம்பி போட்டவற்றில் எடை தெளிவாகக் கூடியிருந்தது.

எளிமையாகச் சொல்லிவிட்டேன், செய்வதற்குப் பொறுமை தேவை. முதல் எடை அலுமினிய வளையம் இறுக்கிய பிறகு எடுக்க வேண்டும். கையுறை இல்லாமல் தொட்டால் விரல்ரேகையே எடையில் குழப்பம் தரும். குப்பி தானே 18 மில்லிலீட்டர் காற்றை இடம்பெயர்க்கிறது. அந்தக் காற்றின் எடை ஏறத்தாழ 21 மில்லிகிராம். அறை 30 பாகையில் இருந்து 24 பாகைக்கு இறங்கினால் காற்றின் அடர்த்தி நூறில் இரண்டு பங்கு கூடி, குப்பி 0.4 மில்லிகிராம் இலேசாகத் தோன்றும். இதைத் தீர்க்க, சாதாரண அழுத்தத்தில் மூடிய அதே வகைக் குப்பி ஒன்றைச் சாட்சியாக வைத்து, ஒவ்வொரு குப்பியின் எடையையும் அதிலிருந்து உள்ள வேறுபாடாகவே எழுதினோம். காற்று மாறினால் இரண்டும் ஒன்றாக மாறும், வேறுபாடு மாறாது. குளிரூட்டிய அறைக்குள் கொண்டுவந்த குப்பிகளை உடனே நிறுக்காமல், அறை வெப்பத்துக்கு வரும் வரை தராசுக்கு அருகில் வைத்திருந்தோம். வெள்ளவத்தையில் இன்னொன்றும் உண்டு. புகையிரதம் போகும்போது கடைசி இலக்கம் ஆடும். கருங்கல் பலகைக்கு அடியில் றப்பர் வைத்தும் முழுதாக அடங்கவில்லை. வண்டி போன பிறகு நிறுப்பதே வழி.

தராசுக்கும் ஒரு குருட்டுப் புள்ளி இருக்கிறது. உறைஉலர்த்தியில் மூடிய பின், வளையம் இறுக்குவதற்கு முன் சில மூடிகள் சற்று மேலெழுந்துவிடும். அந்த இடைவெளியில் குப்பி முழுதாகக் காற்றை உள்வாங்கிவிட்டால், முதல் எடையிலேயே காற்று சேர்ந்துவிடும். பிறகு எத்தனை வாரம் நிறுத்தாலும் மாற்றம் தெரியாது. இங்கே பொறி கைகொடுக்கிறது. அத்தகைய குப்பி மேல்நிலையிலும் ஒளிராது. மூடி ஈரத்தால் தாழ்நிலை ஒளியை இழந்த குப்பியோ மேல்நிலையில் இழைகளைக் காட்டும். ஆகவே ஒவ்வொரு குப்பிக்கும் முதல் நாள் ஒளியும் எடையும், காத்திருந்த பின் மறுபடி ஒளியும் எடையும் வேண்டும். எடை கூடினால் கசிவு. எடை நிலைத்து, தாழ்நிலை மட்டும் அணைந்தால் மூடியின் ஈரம். எடை நிலைத்து, இரண்டு நிலையும் முதல் நாளே இருட்டென்றால் வளையத்துக்கு முன்பே போய்விட்ட வெற்றிடம். ஒன்றை ஒன்று திருத்தும் இந்த இரட்டைச் சாட்சியை நான் இப்போது எந்தத் தனி முறையையும் விட நம்புகிறேன். பொறி கண்ணாடியைத் துளைத்ததா என்ற கேள்விக்கும் தராசே பதில் சொன்னது. பொறி பட்ட நல்ல குப்பிகளில் எடை கூடவில்லை.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று மாணவர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. நம்முடைய காற்றை நினைத்துப் பார்க்க வேண்டும். 30 பாகை, நூற்றுக்கு எண்பது ஈரப்பதன் என்றால் ஒரு கனமீட்டர் காற்றில் ஏறத்தாழ 24 கிராம் நீர். 12 மில்லிலீட்டர் காற்று 0.3 மில்லிகிராம் நீரைக் கொண்டு வரும். உலர்ந்த கட்டி 50 மில்லிகிராம் என்றால் ஒரு தடவை நிரம்பியதிலேயே ஈரம் 0.6 சதவீதம் ஏறுகிறது. துளை திறந்தே இருந்தால் அத்தோடு நிற்காது. சீனி சேர்ந்த கட்டிகள் ஈரம் ஏற ஏற இளகிச் சுருங்கும். அவற்றுள் இருக்கும் புரதம் தன் ஆற்றலை இழக்கும். இலங்கையில் பிறந்த குழந்தைக்கு மருத்துவமனையிலேயே போடப்படும் பிசிஜி தடுப்பூசி உறைஉலர்த்தியது. இந்தியாவில் இருந்து நாம் வரவழைக்கும் பாம்புக்கடி விஷமுறியும் உலர்ந்த தூளாக வருவதுதான். நீரில் கரைத்து ஏற்றும் அந்த மருந்து கிராமத்து மருத்துவமனையின் அலுமாரியில் மாதக்கணக்கில் காத்திருக்கக்கூடியது என்பதே அதன் பெரும் பலம். அந்தக் காத்திருப்பைத் தாங்குவது ஒரு றப்பர் மூடியும் ஒரு வளையமும்தான். நாகம், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் ஒரே குப்பி பதில் சொல்ல வேண்டிய நேரத்தில், மூடியை யாரும் சந்தேகிக்கும் நிலை வரக் கூடாது.

ஈரமான மூடிகளைப் பற்றி நண்பருக்குச் சொன்னதும் அவர் அடுப்பு உலர்த்தலைச் செய்முறையில் கட்டாயமாக்கிவிட்டார். கசிவைத் தேடிப் போன இடத்தில் கிடைத்த இந்த முடிவு, அவருடைய மாணவர்களுக்குக் கசிவை விடப் பயனுள்ளது என்று நினைக்கிறேன். மூடி வெளிவிடும் நீரும் கட்டிக்கு ஈரம்தான். வெளியில் இருந்து வந்ததா என்று கட்டி கேட்பதில்லை.

அடுத்து 2 மில்லிலீட்டர் குப்பிகளை எடுக்கப் போகிறோம். அங்கே வெற்று இடம் 3 மில்லிலீட்டர்தான்; முழுதாக நிரம்பினாலும் 3.5 மில்லிகிராம். நூறில் ஐந்து பங்கு கசிவு 0.17 மில்லிகிராமாகச் சுருங்கி, இந்தத் தராசின் ஆட்டத்துக்குள் மறைந்துவிடும். 0.01 மில்லிகிராம் காட்டும் தராசு நண்பரின் துறையில் ஒன்று இருக்கிறது, புகையிரதப் பாதையிலிருந்து தொலைவில். எடை அங்கே, ஒளி இங்கே என்று பிரித்துச் செய்வோம். குறுகிய குப்பியில் மின்வாய்த் தூரமும் குறைவதால், தாழ்நிலை, மேல்நிலை இரண்டையும் பம்புடன் மறுபடி குறித்த பிறகே முதல் குப்பியைப் பெட்டிக்குள் வைப்பேன்.